புலியகுளத்தில் ஒரு பாரிஸ்

எங்கள் ஊருக்கு ஒரு பழைய பட்டம் உண்டு: தென்னிந்தியாவின் மான்செஸ்டர். பள்ளிக்கூடக் கட்டுரை நோட்டில் இந்த வரியை எழுதாமல் கோயமுத்தூரில் எவரும் ஆறாம் வகுப்பைத் தாண்டியிருக்க முடியாது. மான்செஸ்டர் எங்கே இருக்கிறது, அங்கே வெயில் எப்படி, அந்த ஊர்க்காரர்களுக்கு நாம் இப்படிச் சொல்லிக்கொள்வது தெரியுமா என்றெல்லாம் எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. ஸ்டேன்ஸ் துரை 1888இல் ஒரு நூற்பாலை வைத்தார். 1932இல் பைக்காராவில் மின்சாரம் எடுத்தார்கள். அது மலையிறங்கி வந்ததும் மில்லுக்கு மில் சங்கு ஊதியது. ஆகவே நாங்கள் மான்செஸ்டர். பட்டம் என்று ஒன்று வந்தால் வாங்கி மாட்டிக்கொண்டு மேற்கொண்டு ஆகிற சோலியைப் பார்ப்பது இந்த ஊர் வழக்கம்.

அசல் மான்செஸ்டரை எலிசபெத் காஸ்கெல் என்ற அம்மையார் 1848இல் ‘மேரி பார்ட்டன்’ என்று நாவலாக எழுதிவிட்டார். மில் கூலிக்காரர் பசி, வேலைநிறுத்தம், முதலாளி மகன் கொலை என்று எல்லாம் அதில் உண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால், எங்கள் ஊர் மில் பணம் சினிமாவுக்குள் இறங்கிய அன்றே ஒரு பஞ்சாலைக் கதை வந்திருக்க வேண்டும். பஞ்சு இருந்தது, கூலி இருந்தது, கேமராவும் இருந்தது. எங்கள் ஆட்கள் எடுத்தது பாரிஸ்!

சென்னைவாசிகள் குழம்ப வேண்டாம். நான் சொல்வது உங்கள் பாரிமுனையை அல்ல. ஈபிள் கோபுரம் இருக்கிற பாரிஸ்.

இந்தப் பாரிஸ் பைத்தியம் எப்போது பிடித்தது என்று தோண்டினால் 1905இல் போய் நிற்கிறது. சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற கோயமுத்தூர்க்காரர் அப்போது திருச்சியில் ரயில்வேயில் படம் வரைகிற வேலையில் இருந்தார். கையெழுத்துப் போட்டு மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, பென்ஷன் வரைக்கும் போகிற ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்ட ஆள். அந்த நேரம் பார்த்து டூபாண்ட் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் பயாஸ்கோப் மெஷினும் ஏசுநாதர் சரித்திரப் படமுமாக ஊருக்குள் வந்தார். வந்தவருக்கு உடம்புக்கு முடியவில்லை. ஊர் திரும்ப வேண்டும். மெஷினைச் சுமந்துகொண்டு போவதைவிட யார் தலையிலாவது கட்டிவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். பணம் காணாது என்று தெரிந்தும், இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாயைப் புரட்டி மெஷினை வாங்கிக்கொண்டார் வின்சென்ட். சம்பளத்தோடு ஒப்பிட்டால் பல வருட வருமானம் அது. அவர் வீட்டில் அன்றைக்கு இரவு என்ன பேச்சு நடந்திருக்கும் என்பதை எந்த வரலாற்று ஆசிரியரும் எழுதவில்லை. கல்யாணமான ஆண்கள் யூகித்துக்கொள்ளலாம்.

பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கிராண்ட் கஃபே நிலவறையில் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டியது 1895 டிசம்பர் 28. சரியாகப் பத்து வருடத்துக்குள் அந்தச் சரக்கு ஒரு பிரெஞ்சுக்காரரின் வயிற்றுவலியோ காய்ச்சலோ புண்ணியத்தில் கொங்கு நாட்டான் கைக்கு வந்துவிட்டது. வின்சென்ட் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டினார். பிறகு 1914இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்று நிரந்தரக் கொட்டகையே கட்டினார். அந்தத் தெருவுக்கு இன்றைக்கும் அதுதான் பெயர்.

அதன் பிறகு பேசும் படம் வந்தது. தமிழ்ப் படம் எடுக்க வேண்டுமென்றால் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ மூட்டை கட்ட வேண்டிய காலம் அது. ராஜா வேஷக்காரர், ராணி வேஷக்காரர், மிருதங்கம், சமையல்காரர் எல்லாரும் மூன்றாம் வகுப்பில் ஏறி மூன்று நாள் போக வேண்டும். இந்தப் போக்குவரத்துச் செலவைப் பார்த்துக் கொங்கு ரத்தம் கொதித்தது. கலை தாகம் என்று சொல்லலாம்தான். எனக்கென்னவோ ரயில் சார்ஜ்தான் முதல் காரணம் என்று தோன்றுகிறது. மில்லுக்கு வந்த மின்சாரம் இருக்கிறது, மழை குறைந்த வானம் இருக்கிறது, பணம் இருக்கிறது, எதற்காகக் கல்கத்தா? 1930களின் நடுவில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் எழுந்தன. 1945இல் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு புலியகுளத்தில் பக்ஷிராஜா ஸ்டூடியோவைத் தொடங்கினார். பக்ஷிராஜா என்றால் கருடன். கருடன் பெயரில் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம்தானே.

முதலில் பறந்தது சேலம்.

மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தில் லீட்ஸ் போய் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்தவர். திருச்செங்கோட்டுப் பிறப்பு, வெள்ளைக்கார மனைவி, கறாரான முதலாளி. அவர் ஸ்டூடியோவில் கடிகாரம்தான் கதாநாயகன் என்பார்கள். இவர் 1940இல் ‘உத்தம புத்திரன்’ எடுத்தார். பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். தமிழ் சினிமாவின் முதல் இரட்டை வேடம் அதுதான். கதை அலெக்சாண்டர் டூமாவின் இரும்பு முகமூடி மனிதன். பதினான்காம் லூயிக்கு இரட்டையாகப் பிறந்த சகோதரன் ஒருவன் இருந்தானாம்; அவன் முகத்தில் இரும்பு முகமூடி மாட்டிச் சிறையில் போட்டார்களாம். முந்தின வருடம்தான் ஹாலிவுட் இதைப் படமாக எடுத்திருந்தது. சுந்தரத்துக்கு அது போதும்.

இதில் இரண்டு வேடிக்கை. முதலாவது, அந்த வருடம் ஜூன் மாதம் ஹிட்லரின் படை பாரிஸுக்குள் நுழைந்துவிட்டது. பிரெஞ்சு அரசாங்கம் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தது. அதே வருடத்தில் பிரெஞ்சு ராஜ வம்சம் மட்டும் இரட்டைக் குழந்தைகளோடு ஏற்காட்டு அடிவாரத்தில் பத்திரமாக, வேளைக்குச் சாப்பாட்டோடு இருந்தது. இரண்டாவது, சரித்திரத்தில் அந்தக் கைதி போட்டிருந்தது கறுப்பு வெல்வெட் துணி. அதை இரும்பாக்கியவர் வால்டேர். அவரிடமிருந்து டூமா எடுத்துக்கொண்டார். ஒருவகையில் அந்தக் கதை வர வேண்டிய ஊருக்குத்தான் வந்தது. கஞ்சமலை இரும்பு கிடக்கிற சேலத்தில் ஒரு முகமூடி செய்ய வெல்வெட் தேடி யார் அலைவார்கள்?

சுந்தரத்துக்கு பிரான்ஸ் பிடித்துப்போயிற்று. 1951இல் ‘சர்வாதிகாரி’ வந்தது. எம்.ஜி.ஆர். கத்தி வீசுகிறார், நம்பியார் வழக்கம்போல் வில்லன். மூலம் ‘தி கேலன்ட் பிளேட்’ என்ற அமெரிக்கப் படம். அது பதினேழாம் நூற்றாண்டு பிரான்ஸில் நடக்கிறது. சிங்காநல்லூர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் கம்பெனி ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தை 1949இல் ‘கன்னியின் காதலி’ ஆக்கியது. கண்ணதாசன் என்ற பையன் முதன்முதலாகச் சினிமாவுக்குப் பாட்டெழுதியது அதில்தான். 1951இல் ‘மர்மயோகி’. மேரி கொரெல்லியின் பழிவாங்கும் நாவலிலிருந்து கொஞ்சம், ராபின் ஹூட்டிடமிருந்து கொஞ்சம் என்பார்கள். கொரெல்லியின் கதை காலராவில் செத்துக்கொண்டிருக்கும் நேப்பிள்ஸ் நகரத்தில் நடப்பது. நம் ஊரில் அது பேய்ப் படமாகி, தமிழில் முதன்முதலாக ‘ஏ’ சர்டிபிகேட் வாங்கியது. பேய் கடைசியில் பேயே இல்லை, செருகளத்தூர் சாமா. சர்டிபிகேட் கொடுத்தவர்களுக்கு அதுவரை படம் பார்க்கப் பொறுமை இல்லைபோல.

இதெல்லாம் பலகாரம். சாப்பாடு 1950இல் வந்தது.

விக்டர் ஹ்யூகோ மூன்றாம் நெப்போலியனோடு சண்டை போட்டுக்கொண்டு 1851இல் பிரான்ஸை விட்டு ஓடியவர். ‘லே மிசராப்ல’ நாவலை அவர் முடித்தபோது பாரிஸைக் கண்ணால் பார்த்துப் பத்து வருடம் ஆகிவிட்டது. கெர்ன்சி என்ற தீவில் உட்கார்ந்துகொண்டு, ஞாபகத்திலிருந்தே சந்து சந்தாக பாரிஸைக் கட்டினார். 1862இல் புத்தகம் வெளிவந்தது. அதைத் தமிழில் ‘ஏழை படும் பாடு’ என்று தந்தவர் கவியோகி சுத்தானந்த பாரதி. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தில் இருபது வருடத்துக்கு மேல் மௌன விரதம் இருந்தவர். கவனியுங்கள்: ஊரைப் பார்க்க முடியாத ஒருவர் எழுதியதை, வாய் திறக்காத ஒருவர் மொழிபெயர்த்தார். அதைப் பேசும் படமாக எடுக்கத் துணிந்தவர் ஸ்ரீராமுலு நாயுடு. இயக்கியவர் கே. ராம்நாத். திருவனந்தபுரத்துக்காரர், கேமராவில் புலி. சாதுவான முகத்துக்கென்றே பிறந்த சித்தூர் வி. நாகையா கதாநாயகன்.

போலிப் பாரிஸ்தானே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். 1935இல் ஹாலிவுட் எடுத்த ‘லே மிசராப்ல’வும் கலிஃபோர்னியாவில் எடுத்ததுதான். ‘காசாபிளாங்கா’ படத்தில் ஹம்ப்ரி போகார்ட்டும் இங்க்ரிட் பெர்க்மனும் காதலிக்கிற பாரிஸும் அந்த ஊர்ப் பலகை வேலைதான். சினிமா பாரிஸ் என்பது உலகம் முழுக்க ஒரே பொருளால் ஆனது. சாக்குச் சாக்காக வருகிற அந்த வெள்ளைப் பொடிக்குப் பெயரே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்.

ஹ்யூகோ 1885இலேயே காலமாகிவிட்டார். அது ஒரு குறை. அவர் மட்டும் உயிரோடு இருந்து, நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்திறங்கி, புலியகுளத்துக்கு ஒரு ஜட்கா பிடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. இனி வருவது முழுக்க என் கற்பனை. பெயரில்லாத ஒரு கம்பெனி மேனேஜர் வாசலில் நிற்கிறார்.

“வாங்க, வாங்க. சித்தெ இப்படித் திண்ணையில உக்காருங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா?”

“இறந்து அறுபத்தைந்து வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் எந்தப் பிரயாணமும் சௌகரியம்தான்.”

“அதுவுஞ் சரிதானுங்க. காப்பி குடிச்சுக்கிட்டே கதையச் சொல்லுங்க.”

“ஒருவன் ஒரு ரொட்டியைத் திருடுகிறான். பத்தொன்பது வருடம் ஜெயில்.”

“ரொட்டிங்களா? நம்மூர்ல காச்சக்காரனுக்குத்தானுங்க ரொட்டி. மத்தவங்க சும்மா குடுத்தாலும் திங்க மாட்டாங்க. அதுக்குப் போயிப் பத்தொம்பது வருசம் எச்சா இல்லீங்களா?”

“ரொட்டிக்கு ஐந்துதான். மீதி பதினான்கு, தப்பியோடப் பார்த்ததற்கு.”

“அப்படிச் சொல்லுங்க. கணக்கு இப்பத்தான் டேலி ஆகுது. புஸ்தகம் எத்தனை பக்கமுங்க?”

“ஆயிரத்துக்கு மேலே.”

“நமக்குப் பதினஞ்சாயிரம் அடிக்குள்ள முடிக்கோணுமுங்க. எதையாச்சும் வெட்டலாமுங்களா?”

“நடுவில் வாட்டர்லூ யுத்தம் வருகிறது. பத்தொன்பது அத்தியாயம்.”

“அதுல நம்ம ஈரோ சண்டை போடறாருங்களா?”

“இல்லை. அவன் அங்கே இல்லவே இல்லை.”

மேனேஜர் ஒரு நிமிஷம் ஹ்யூகோவின் தாடியைப் பார்த்தார். பெரிய மனிதர், மரியாதைக் குறைவாக எதுவும் சொல்லிவிடக் கூடாது.

“குதிரை எத்தனை வேணுமுங்க?”

“பத்தாயிரம் இருந்தால் நன்றாக இருக்கும்.”

“டேசன் ஜட்காக்காரங்ககிட்டச் சொன்னா நாலு கெடைக்குமுங்க. அதுலயும் ஒண்ணு நொண்டி. யுத்தத்த வுட்டுருவோமுங்க. அப்புறம்?”

“பாரிஸ் நகரத்துச் சாக்கடையைப் பற்றி ஒரு தனிப் பகுதி...”

“அதுக்கு செட்டே வேண்டாமுங்க. சங்கனூர்ப் பள்ளம் இருக்குதுங்க. பாட்டு எத்தனைங்க?”

“பாட்டா? இது துயரக் கதை.”

“அதனாலதானுங்க கேக்கறேன். பாட்டில்லாம எப்படிங்க அழுவாங்க? லலிதா, பத்மினி, ராகினி மூணு பேரும் நடிக்கறாங்க. சும்மா நிக்க வெச்சு அனுப்ப முடியுமுங்களா? சரி, கடைசியில என்னாகுது?”

“இன்ஸ்பெக்டர் மனசாட்சி உறுத்தி ஆற்றில் குதித்துச் செத்துப்போகிறான். சேன் நதி.”

“நொய்யல்ல குதிச்சா முழங்காலுதானுங்க நனையும்.”

கற்பனை இத்தோடு நிற்கட்டும். ஹ்யூகோவுக்கு இதற்கு மேல் தாங்காது.

நிஜத்தில் படம் நன்றாகவே வந்தது. சொல்லப்போனால் தமிழ் சினிமா ஐரோப்பாவிடம் வாங்கிய கடன்களில் வட்டியோடு திருப்பிக் கொடுத்தது இது ஒன்றுதான் என்பது என் கட்சி. மற்ற படங்கள் கதையைத் திருடி, திருடியதை மறைக்க ஒரு ராஜகுருவையும் ஒரு கோமாளியையும் சேர்த்துக்கொண்டன. இந்தப் படம் புத்தகத்தின் தமிழ்ப் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டு வெளிப்படையாக வந்தது. பக்ஷிராஜா அதே கையோடு ‘பீதல பாட்லு’ என்று தெலுங்கிலும் எடுத்து முடித்தது. ஒரு செட், இரண்டு மொழி. மில்காரர்கள் பஞ்சுக் கழிவைக்கூட வீணாக்க மாட்டார்கள்.

நாவலின் ஜான் வல்ஜான் தமிழில் கந்தன் ஆனான். நியாயம்தான். புலியகுளத்தில் ஜான் என்று பெயர் வைத்தால் அந்தோணியார் கோயிலுக்குப் போகிற பையன் என்று நினைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கும் நம்மூர்ப் பெயர் வந்தது. ஆனால் துரத்துகிற போலீஸ்காரன் மட்டும் பெயர் மாறவில்லை. ஜாவேர் என்ற பிரெஞ்சுக்காரன் ‘ஜாவர்’ என்ற அளவுக்குத்தான் இறங்கி வந்தான். ஏனென்று யோசித்தால் விஷயம் சுலபம். கந்தன் எந்த ஊரிலும் இருப்பான். திருடன், ஏழை, சாமியார் எல்லாரும் எங்கேயும் கிடைப்பார்கள். லஞ்சம் வாங்காமல், தூங்காமல், ஒரே ஆளை வருடக்கணக்காகத் துரத்துகிற இன்ஸ்பெக்டருக்குத் தமிழ்ப் பெயர் வைத்தால் யார் நம்புவார்கள்?

அந்த வேஷத்தில் நடித்தவர் சீதாராமன். படம் வெளியானதும் அவர் வெறும் சீதாராமனாக இருக்க முடியவில்லை. ‘ஜாவர்’ சீதாராமன் ஆகிவிட்டார். வேஷத்தையும் படத்தையும் இனிஷியல்போல ஒட்டிக்கொள்வது தமிழ் நடிகர்களுக்குப் புதிதல்ல. கள்ளபார்ட் நடராஜன் உண்டு, காக்கா ராதாகிருஷ்ணன் உண்டு, பின்னால் வெண்ணிற ஆடை மூர்த்தி, நிழல்கள் ரவி. ஆனால் உலக இலக்கியத்தில் மனிதத்தன்மைக்கு எதிரான சட்டத்தின் உருவமாக ஹ்யூகோ படைத்த பெயரை, பட்டம் வாங்கியதுபோல் முன்னால் போட்டுக்கொண்டு சுகமாக வாழ்ந்தவர் இவர் ஒருவர்தான். பிறகு ‘அந்த நாள்’ படத்துக்கு 1954இல் திரைக்கதை வசனம் எழுதினார். அதிலும் தனக்கென்று வைத்துக்கொண்டது சி.ஐ.டி. வேஷம். ‘மின்னல் மழை மோகினி’, ‘உடல் பொருள் ஆனந்தி’ என்று தொடர்கதை எழுதி வீட்டுப் பெண்களை வாரம் தவறாமல் பத்திரிகைக்குக் காத்திருக்க வைத்தார். அட்டையில் பெயர் ஜாவர் சீதாராமன். படித்தவர்களில் எத்தனை பேர் அந்த முதல் சொல் பாரிஸிலிருந்து வந்தது என்று அறிந்திருப்பார்கள்? ஏதோ ஊர்ப் பெயர் என்றே பலரும் நினைத்திருக்கக்கூடும். ஜலகண்டபுரம், ஜாவர்.

கடன் வாங்கியே பழகிய கை ஒரு தடவை கடன் கொடுத்தது. நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை எழுதிய ‘மலைக்கள்ளன்’ சுத்தமான கொங்குச் சரக்கு. காவிரிக்கரை மோகனூரில் பிறந்தவர் அவர். அப்பா போலீஸ்காரர், மகன் திருடனைப் பற்றி நாவல் எழுதினார். ஹ்யூகோவுக்கே இது தோன்றியிருக்காது. ஸ்ரீராமுலு நாயுடு அதை 1954இல் எம்.ஜி.ஆர்., பானுமதியை வைத்து எடுத்தார். வசனம் கருணாநிதி. ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வந்தது. அத்தோடு விடுவாரா? தெலுங்கில் என்.டி. ராமாராவ், இந்தியில் திலீப்குமாரும் மீனாகுமாரியும், பிறகு மலையாளம், கன்னடம், சிங்களம். ஒரு கள்ளன், ஆறு மொழி.

இந்திப் படத்தின் பெயர் ‘ஆசாத்’. அதற்கு இசையமைக்க முதலில் நௌஷாத்தைப் போய்ப் பார்த்ததாகவும், ஒரு மாதத்துக்குள் அத்தனை பாட்டும் வேண்டும் என்று கேட்டதும் அவர் இதென்ன பலசரக்குக் கடையா என்கிற ரீதியில் மறுத்துவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. சி. ராமச்சந்திரா ஒப்புக்கொண்டு முடித்துக் கொடுத்தார். பாட்டெல்லாம் பிரமாதம். இந்தச் சம்பவத்தை பம்பாய்க்காரர்கள் ஏதோ காட்டுமிராண்டித்தனம்போல் சொல்வார்கள். ஆர்டர் கொடுத்தால் டெலிவரி தேதி கேட்பது இங்கே மரியாதைக் குறைவு ஆகாது என்று அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

இப்போது கொஞ்சம் சிரிப்பை நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது.

1946 ஜனவரி 8ஆம் தேதி கோவை மத்திய சிறையில் நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள். ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். நால்வரும் சின்னியம்பாளையத்து மில் தொழிலாளிகள். மில் தகராறை ஒட்டி நடந்த ஒரு கொலை வழக்கில் அந்தத் தீர்ப்பு. சின்னியம்பாளையம் தியாகிகள் என்று தொழிற்சங்கங்கள் இன்றும் அந்த நாளை அனுசரிக்கின்றன. சிறையிலிருந்து புலியகுளத்துக்கு நடந்தே போய்விடலாம். நான்கு வருடம் கழித்து அந்தப் புலியகுளத்தில் லட்சக்கணக்கில் செலவழித்து, விளக்குப் போட்டு, பாரிஸ் நகரத்து ஏழை படும் பாட்டைப் படம் பிடித்தார்கள். அவினாசி ரோட்டு ஏழையின் பாட்டுக்கு அந்த கேமரா திரும்பவில்லை. மில் பணத்தில் வாங்கிய கேமரா மில் பக்கம் திரும்பும் என்று எதிர்பார்ப்பது அநியாயம் என்றும் எனக்குத் தெரியும்.

எழுதுகிறவன் ஒருவன் மட்டும் திரும்பிப் பார்த்திருந்தான். தாராபுரம் பக்கம் கீரனூரில் பிறந்த ஆர். சண்முகசுந்தரம் 1942இல் ‘நாகம்மாள்’ எழுதினார். புருஷன் செத்துப்போன ஒரு பெண், காட்டில் தன் பங்கைப் பிரித்துக் கொடு என்று கேட்கிறாள். அவ்வளவுதான் கதை. தமிழின் முதல் வட்டார நாவல் என்று இப்போது பாடப் புத்தகத்தில் வைத்துக் கும்பிடுகிறோம். ஆட்கள் பேசுகிற கொங்குத் தமிழை அப்படியே தாளில் ஏற்றியது அது. பேசும் படம் எடுக்கிற மூன்று ஸ்டூடியோ பஸ் தூரத்தில் இருந்தும், அதை யாரும் படமாக்கவில்லை. காரணமும் புரிகிறது. பங்கு கேட்கிற பெண் கதை இங்கே பாதி வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் போய்க் காசு கொடுத்து யார் பார்ப்பார்கள்? பதினான்காம் லூயியின் பங்காளித் தகராறு என்றால் கௌரவம். நம்ம பங்காளித் தகராறு என்றால் முன்சீப் கோர்ட்.

நாவலால் ஊருக்கு ஆகிற காரியமும் உண்டு. அதே ஹ்யூகோ 1831இல் நோத்ர தாம் தேவாலயத்தை வைத்து ஒரு நாவல் எழுதினார். இடிந்துகொண்டிருந்த அந்தக் கோயிலை ஜனங்கள் அதைப் படித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்கள். 1844இல் தொடங்கி இருபது வருடம் பழுது பார்த்தார்கள். சில வருடங்களுக்கு முன்னால் அது தீப்பிடித்தபோது உலகமே அழுததற்கும் பாதிக் காரணம் அந்த நாவலில் வருகிற கூனன்தான். எங்கள் ஊர் ஸ்டூடியோக்களைப் பற்றி ஒரு நல்ல நாவல் வந்திருந்தால்... சரி, விடுங்கள்.

ஐம்பதுகளிலேயே தொழில் சென்னைக்கு நகர ஆரம்பித்துவிட்டது. நடிகர்கள் அங்கே வீடு கட்டினார்கள், லேப் அங்கே இருந்தது. சிங்காநல்லூரில் வாடகைக்கு இருந்து வசனம் எழுதிய கருணாநிதி, ‘ராஜகுமாரி’யில் கதாநாயகனான எம்.ஜி.ஆர்., ஜூபிடரில் எடுபிடியாகச் சேர்ந்த எம்.எஸ். விஸ்வநாதன் எல்லாரும் ரயிலேறினார்கள். ஸ்ரீராமுலு நாயுடு பெங்களூருக்குப் போய் சாமுண்டேஸ்வரி ஸ்டூடியோ கட்டினார். பிளாஸ்டர் பாரிஸ் அடுத்த மழைக்குக் கரைந்திருக்கும்.

ஆனால் வேறு ஊராக வேஷம் கட்டுகிற பழக்கம் மண்ணை விட்டுப் போகவில்லை. பிறகு வந்தவர்கள் செட் போடுவதை நிறுத்திவிட்டு நேரே பொள்ளாச்சிக்கும் கோபிசெட்டிபாளையத்துக்கும் வந்தார்கள். 1992இல் வந்த ‘தேவர் மகன்’ தெற்கத்திச் சீமைக் கதை. அந்த வீடும் வயலும் பொள்ளாச்சிப் பக்கம். பச்சை வயல், தென்னந்தோப்பு, பின்னால் மலை என்று திரையில் வந்தால் வசனத்தில் எந்த ஜில்லா பெயரைச் சொன்னாலும் நம்பாதீர்கள், அது பெரும்பாலும் ஆனைமலை அடிவாரம். கோவைத் தமிழ் மட்டும் தனியாகப் பிழைத்துக்கொண்டது. கவுண்டமணி, சத்யராஜ், மணிவண்ணன் வாயிலேறி, கதை எந்த ஊரில் நடந்தாலும் உள்ளே புகுந்து ‘ஏனுங்க’ போட்டது.

புலியகுளத்துக்குப் போய் பாரிஸ் எங்கே என்று கேட்டுப் பார்க்க வேண்டாம். முந்தி விநாயகர் கோயிலுக்கு வழி சொல்வார்கள். நேரில் ஏதாவது பார்த்தே தீர வேண்டும் என்கிறவர்கள் சேலத்திலிருந்து ஏற்காடு போகிற ரோட்டில் வண்டியைச் சித்தெ நிறுத்துங்கள். மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. வளைவுக்குப் பின்னால் பதினான்காம் லூயியும் இல்லை, முகமூடிக்காரனும் இல்லை. வீடு கட்டிக் குடிவந்துவிட்டார்கள்.